ஒரே பொருள் தரும் ஆங்கிலச் சொற்களில் எதைத் தேர்ந்தெடுப்பது? முழுமையான வழிகாட்டி

‘அவர் மறுத்தார்’ என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அகராதியைத் திறந்தால் டினை, ரெஃப்யூஸ், ரிஜெக்ட், டிக்ளைன் என்று நான்கு சொற்கள் வந்து நிற்கின்றன. நான்குக்கும் நேரே ‘மறு’ என்றுதான் போட்டிருக்கிறது. பலர் இந்த இடத்தில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொள்கிறார்கள். சிலர் எது கொஞ்சம் கனமாகத் தெரிகிறதோ அதை எடுக்கிறார்கள். எப்படி எடுத்தாலும் படிப்பவருக்கு எங்கோ இடறும். சில சமயம் சொல்ல வந்ததற்கு நேர் எதிரான பொருளே போய்ச் சேரும்.

சொல்வளம் குறைவு என்பதால்தான் இப்படி ஆகிறது என்று நினைத்து, இன்னும் நிறையச் சொற்களை மனப்பாடம் செய்யப் புறப்படுகிறவர்கள் உண்டு. அது சிக்கலைப் பெரிதாக்கும். ஆங்கிலச் சொல்லை அதன் தமிழ்ப் பொருளோடு மட்டும் ஜோடி சேர்த்து வைத்துக்கொள்ளும் பழக்கம்தான் உண்மையான காரணம் என்பது என் கருத்து. ஒரு சொல்லை அது வழக்கமாக வரும் வாக்கியத்தோடு சேர்த்துத் தெரிந்துகொண்டவருக்கு நான்கில் மூன்று சொற்கள் தாமாகவே விலகிவிடும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த விலக்கும் வேலையைத்தான் செய்கின்றன. எல்லாச் சொல்லுக்கும் எல்லாப் படியும் வேண்டியதில்லை. பெரும்பாலும் மூன்றாவது படி முடிவதற்குள் விடை கிடைத்துவிடும்.

முதல் படி: தமிழ் வாக்கியத்தை முழுதாக எழுதுங்கள்

தனிச் சொல்லை வைத்துக்கொண்டு தேடக் கூடாது. ‘மறு’ என்பதை விட்டுவிட்டு, எதை மறுத்தார், யார் கேட்டு மறுத்தார் என்பதையும் சேர்த்து எழுதிப் பாருங்கள்.

‘குற்றச்சாட்டை மறுத்தார்.’ யாரோ ஒன்றைச் சொன்னார்கள், அது உண்மையில்லை என்கிறார். இதற்கு டினை.

‘கையெழுத்துப் போட மறுத்தார்.’ ஒரு வேலையைச் செய்யச் சொன்னார்கள், செய்ய மாட்டேன் என்கிறார். இதற்கு ரெஃப்யூஸ்.

‘அந்த யோசனையை மறுத்துவிட்டார்கள்.’ முன்னால் வைத்த ஒன்றைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். இதற்கு ரிஜெக்ட்.

‘விருந்துக்கு வந்த அழைப்பை மறுத்தார்.’ மனம் நோகாமல், மரியாதையாக வேண்டாம் என்றார். இதற்கு டிக்ளைன்.

தமிழில் ஒரே வினைச்சொல் தாங்கிக்கொள்ளும் நான்கு தனித்தனி நிகழ்ச்சிகள் இவை. ஆங்கிலம் இந்த நான்குக்கும் தனித்தனியாகப் பெயர் வைத்திருக்கிறது. டினைக்கு இன்னொரு வேலையும் உண்டு: ஒருவருக்கு உரிமையையோ அனுமதியையோ கொடுக்காமல் இருப்பதற்கும் அதே சொல்தான். அதுவும் முழு வாக்கியத்தை எழுதினால்தான் தெரியவரும்.

இப்படிப் பல ஆங்கிலச் சொற்களைத் தன்மேல் சுமக்கும் தமிழ்ச் சொற்கள் சில இருக்கின்றன. தவறுகளில் பெரும்பகுதி இவற்றைச் சுற்றித்தான் நடக்கிறது. ‘கேள்’ என்பதில் ஆஸ்க், ஹியர், லிசன் மூன்றும் இருக்கின்றன. ‘பார்’ என்பதில் சீ, லுக், வாட்ச். ‘நம்பு’ என்பதில் இன்னும் அதிகம். ஒருவர் இப்போது சொன்னது உண்மை என்று ஏற்றால் பிலீவ். அவருடைய குணத்தின்மேல் உறுதி இருந்தால் டிரஸ்ட். நல்லது நடக்கும் என்று ஆசையோடு எதிர்பார்த்தால் ஹோப். ‘தேர்வில் வெற்றி பெறுவேன் என்று நம்புகிறேன்’ என்பதை பிலீவ் போட்டு எழுதினால் திடமான கணிப்பு போலத் தெரியும். ஹோப் போட்டால் ஆசையாகத் தெரியும். சொல்கிறவர் எதை நினைக்கிறாரோ அதற்கேற்றபடி எடுத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும் விட ஆபத்தானது ‘சந்தேகம்’. டவுட், சஸ்பெக்ட் இரண்டுக்கும் தமிழில் ‘சந்தேகப்படு’ என்றே சொல்கிறோம். ஆனால் ஆங்கிலத்தில் வாக்கியத்துக்கு முன்னால் வரும்போது இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. ‘ஐ டவுட் ஹி டுக் இட்’ என்றால் அவன் எடுத்திருக்க மாட்டான் என்று நினைக்கிறேன் என்று பொருள். ‘ஐ சஸ்பெக்ட் ஹி டுக் இட்’ என்றால் அவன்தான் எடுத்திருப்பான் என்று நினைக்கிறேன். ‘அவன் எடுத்திருப்பானோ என்று சந்தேகம்’ என்பதை டவுட் போட்டு எழுதினால், பழி போட வந்தவர் அவனுக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போகிறார். பாடத்தில் ஏதாவது புரியவில்லை என்றால் ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்கிறோமே, அதுவும் இந்திய ஆங்கிலத்துக்கு வெளியே சரியாகப் புரியாது. அங்கே கொஸ்டின் என்று சொன்னால் போதும்.

நேர்மாறான இடங்களும் உண்டு. தமிழ் தெளிவாகப் பிரித்து வைத்திருப்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது நாம் குழப்பிக்கொள்கிறோம். ‘வெள்ளிக்கிழமை வரை’, ‘வெள்ளிக்கிழமைக்குள்’ இரண்டும் ஒன்று என்று தமிழில் யாரும் நினைக்க மாட்டார்கள். ‘வரை’ என்றால் அன்டில், ‘குள்’ என்றால் பை. வெள்ளிக்குள் அனுப்புங்கள் என்று சொல்ல வேண்டிய இடத்தில் அன்டில் போட்டால், வெள்ளி வரை விடாமல் அனுப்பிக்கொண்டே இருங்கள் என்று ஆகிவிடும். இங்கே தமிழ்க் காதையே நம்பலாம்.

இரண்டாம் படி: ‘ஆனால்’ வைத்துச் சோதியுங்கள்

இரண்டு சொற்களுக்கு நடுவில் உண்மையான வித்தியாசம் இருக்கிறதா என்று தெரியவில்லையா? ‘அது நடந்தது, ஆனால் இது நடக்கவில்லை’ என்று ஒரு வாக்கியம் அமைத்துப் பாருங்கள். அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் இருந்தால் இரண்டும் வேறு வேறு.

‘ஹியர் செய்தேன், ஆனால் லிசன் செய்யவில்லை.’ ஒலி காதில் விழுந்தது, கவனம் கொடுக்கவில்லை. அர்த்தம் இருக்கிறது. ‘லுக் செய்தேன், ஆனால் எதையும் சீ செய்யவில்லை.’ அந்தப் பக்கம் பார்வையைத் திருப்பினேன், கண்ணில் ஒன்றும் படவில்லை. இதற்கும் அர்த்தம் இருக்கிறது. ‘அலோன் ஆக இருந்தார், ஆனால் லோன்லி ஆக இல்லை.’ கூட யாரும் இல்லை, இருந்தாலும் தனிமை அவரை வருத்தவில்லை. தமிழில் ‘தனியாக’ என்று சொல்லிவிட்டால் இந்த இரண்டில் எது என்று கேட்பவர்தான் ஊகிக்க வேண்டும்.

சோதனையில் வாக்கியம் அபத்தமாக வந்தால், அதாவது ‘பிகின் ஆனது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை’ என்பதைப் போல வந்தால், பொருளில் பெரிய வித்தியாசம் இல்லை என்று புரிந்துகொள்ளலாம். அப்போது பொருளை இன்னும் தோண்டிக்கொண்டிருக்காமல் அடுத்த படிக்குப் போய்விடுங்கள். வித்தியாசம் இருந்தால் அது இலக்கணத்திலோ, கூட வரும் சொற்களிலோ, சந்தர்ப்பத்திலோதான் இருக்கும்.

மூன்றாம் படி: சொல்லுக்குப் பின்னால் என்ன வருகிறது?

மற்ற எல்லாவற்றையும் விட இந்தப் படிக்கு நேரம் கொடுங்கள். ஒவ்வொரு ஆங்கில வினைச்சொல்லும் தனக்குப் பின்னால் எதை ஏற்கும், எதை ஏற்காது என்பதில் பிடிவாதமாக இருக்கும். பொருள் சரியாக இருந்தாலும் இந்தச் சட்டம் பொருந்தவில்லை என்றால் வாக்கியம் உடைந்துவிடும்.

ஸே, டெல் இரண்டையும் எடுத்துக்கொள்வோம். இரண்டுமே ‘சொல்’தான். டெல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் ஆள் வர வேண்டும்: ‘ஷி டோல்ட் மீ’. ஸேயுக்குப் பின்னால் நேரடியாக ஆள் வராது, சொன்ன விஷயம்தான் வரும். ஆளைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் நடுவில் டு போட வேண்டும்: ‘ஷி செட் டு மீ’. ‘ஷி செட் மீ’ என்பதும் ‘ஷி டோல்ட் டு மீ’ என்பதும் நம்மிடையே அடிக்கடி காதில் விழும் பிழைகள். ஆள் இல்லாமலேயே டெல் வரும் இடங்கள் சில உண்டு: உண்மை, பொய், கதை, மணி. ‘டெல் தி ட்ரூத்’, ‘டெல் எ லை’, ‘டெல் எ ஸ்டோரி’, ‘டெல் தி டைம்’ என்று இவற்றை அப்படியே முழுத் தொடராக மனதில் வைத்துக்கொள்வதுதான் வழி.

ஸ்பீக், டாக் இரண்டும் பேசுவதைப் பற்றியவை. மொழியின் பெயர் பின்னால் வந்தால் ஸ்பீக் மட்டும்தான்: ‘ஸ்பீக் தமிழ்’. ஒருவர் மேடையில் நின்று பேசுவது ஸ்பீக் பக்கம், இரண்டு பேர் மாறி மாறிப் பேசிக்கொள்வது டாக் பக்கம் சாய்கிறது. டிஸ்கஸ் என்றால் அபவுட் தேவையில்லை. ‘டிஸ்கஸ் தி பிளான்’ என்றாலே போதும். ‘திட்டத்தைப் பற்றி’ என்ற தமிழ் அமைப்பு நம்மை அபவுட் போட வைத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

திருட்டிலும் இதே கதை. ராப், ஸ்டீல் இரண்டுக்கும் ‘திருடு’ என்று அகராதி சொல்லலாம். ராப் என்றால் பின்னால் வருவது பறிகொடுத்தவர் அல்லது இடம்: ஆளை ராப் செய்யலாம், வங்கியை ராப் செய்யலாம். ஸ்டீல் என்றால் வருவது பொருள்: பணத்தை ஸ்டீல் செய்யலாம். ‘தே ஸ்டோல் தி பேங்க்’ என்று எழுதினால் கட்டடத்தையே தூக்கிக்கொண்டு போனதாக ஆகும்.

முதல் படியில் பார்த்த டினைக்கும் ரெஃப்யூஸுக்கும் இந்தச் சட்டமே போதுமான அடையாளம். ரெஃப்யூஸுக்குப் பின்னால் டு சேர்ந்த வினை வரும்: ‘ரெஃப்யூஸ்ட் டு சைன்’. டினைக்குப் பின்னால் இங் சேர்ந்த வினை வரும்: ‘டினைட் சைனிங்’. முதலாவதில் அவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். இரண்டாவதில் ‘நான் போடவே இல்லையே’ என்றார்.

ரிமெம்பர், ரிமைண்ட் இரண்டும் ஞாபகம் சம்பந்தப்பட்டவை. எனக்கே ஞாபகம் இருந்தால் ரிமெம்பர். ஒருவரோ ஒரு பொருளோ எனக்கு ஞாபகப்படுத்தினால் ரிமைண்ட், அதன்பின் கட்டாயம் ஓர் ஆள். பாரோ, லெண்ட் இரண்டிலும் பொருள் போகும் திசையைப் பாருங்கள். வாங்குபவர் பாரோ செய்கிறார், கொடுப்பவர் லெண்ட் செய்கிறார். ‘கடன்’ என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டால் திசை தவறும். ‘கடன் வாங்கு’, ‘கடன் கொடு’ என்று முழுதாக எடுத்துக்கொண்டால் தவறாது.

பெயர்ச்சொற்களில் எண்ண முடியுமா முடியாதா என்று பார்க்க வேண்டும். வொர்க், ஜாப் இரண்டும் வேலை. ஆனால் பிழைப்புக்கான வேலை என்ற பொருளில் ‘எ வொர்க்’ என்று சொல்ல முடியாது, ‘எ ஜாப்’ என்று சொல்லலாம். டிராவல் பொதுவாகப் பயணம் செய்வது, எண்ணிக்கை ஏற்காது. ஒரு குறிப்பிட்ட பயணம் என்றால் டிரிப் அல்லது ஜர்னி. போய்த் திரும்பும் முழு விஷயத்தையும் டிரிப் சொல்லும். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் அந்த நேரத்தையும் தூரத்தையும் ஜர்னி சொல்லும். கடல்வழியாகவோ விண்வெளியிலோ நெடுந்தூரம் போனால் வாயேஜ். அட்வைஸுக்குப் பன்மை இல்லை. இரண்டு மூன்று யோசனை என்று எண்ணிச் சொல்ல வேண்டியிருந்தால் சஜஷன் என்ற சொல்லுக்கு மாறிவிடுங்கள்.

நான்காம் படி: சொல்லின் கூட்டாளிகள்

பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1957-ல் எழுதிய ஒரு கருத்து மிகவும் புகழ்பெற்றது: ஒரு சொல்லை அறிய வேண்டுமானால் அது யாரோடு சேர்ந்து வருகிறது என்று பாருங்கள் என்றார். நாம் தமிழில் இதைச் சிந்திக்காமலேயே செய்கிறோம். ‘கனமழை’ என்போம், ‘எடைமழை’ என்று யாரும் சொல்வதில்லை. ஏன் என்று கேட்டால் விதி எதுவும் கிடையாது. அப்படித்தான் வழக்கம்.

ஆங்கிலத்தில் மழை ஹெவி, காற்று ஸ்ட்ராங், போக்குவரத்து நெரிசல் மறுபடியும் ஹெவி. காபி ஸ்ட்ராங் ஆக இருக்கலாம், பவர்ஃபுல் ஆக இருக்காது. கார் இன்ஜின் பவர்ஃபுல். ‘பெரிய’ என்பதற்கு பிக், லார்ஜ், கிரேட் மூன்றும் உண்டு. முடிவு, தவறு, பிரச்சினை போன்றவற்றோடு பிக் சேர்கிறது. எண்ணிக்கை, அளவு, தொகை என்றால் லார்ஜ்: ‘எ லார்ஜ் நம்பர்’, ‘எ லார்ஜ் அமவுண்ட்’. மகிழ்ச்சி, வெற்றி, முக்கியத்துவம் போன்ற கண்ணுக்குத் தெரியாத விஷயங்களோடு கிரேட்: ‘கிரேட் ப்ளெஷர்’, ‘கிரேட் சக்சஸ்’.

‘உயரம்’ என்றால் டால், ஹை. மனிதர், மரம், கோபுரம் போல அகலத்தைவிட உயரம் ஓங்கி நிற்பவை டால். மலையும் மதிலும் ஹை. தரையிலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறது என்பதைச் சொல்லவும் ஹைதான். குட்டையான அலமாரியைக்கூட உயரத்தில் மாட்டினால் அது ஹை. வேகம், வெப்பம், விலை எல்லாமே ஹை. சந்தேகம் வந்தால் எதிர்ச்சொல்லைக் கேட்டுப் பாருங்கள். எதிர்ச்சொல் ஷார்ட் என்றால் டால், லோ என்றால் ஹை. இந்த எதிர்ச்சொல் வழி வேறு பல ஜோடிகளுக்கும் உதவும்.

சில சொற்களின் கூட்டாளிகளைக் கூட்டிப் பார்த்தால் ஒரு மனநிலையே தெரியும். காஸ் என்ற வினை வெறுமனே ‘உண்டாக்கு’ என்றுதான் அகராதியில் இருக்கும். ஆனால் அதன் பின்னால் பெரும்பாலும் வருவது சேதம், வலி, தாமதம், சிக்கல், மரணம். ‘காஸ்ட் ஹேப்பினஸ்’ என்று எழுதினால் இலக்கணப் பிழை இல்லை, இருந்தாலும் காதுக்கு ஒட்டாது. மகிழ்ச்சிக்கு பிரிங் என்ற எளிய சொல் பொருந்தும். செட் இன் என்பதும் ‘தொடங்கு’தான், ஆனால் அப்படித் தொடங்குபவை அழுகல், நோய்த்தொற்று, பீதி போன்றவை. ஜான் சின்க்ளேர் என்ற மொழியியலாளர் ஏராளமான வாக்கியங்களைக் கணினியில் திரட்டிப் பார்த்தபோதுதான் இது தெளிவாகத் தெரிந்தது. தாய்மொழியாகப் பேசுபவர்கள்கூட இதை உணர்ந்து சொல்வதில்லை. பழக்கத்தில் சரியாகப் பயன்படுத்துகிறார்கள்.

ஐந்தாம் படி: பாராட்டா, பழிப்பா? எவ்வளவு அழுத்தம்?

தமிழில் சிக்கனம், கஞ்சத்தனம் இரண்டையும் யாரும் குழப்புவதில்லை. ஒரே செயலை ஒருவர் மெச்சிச் சொல்கிறார், இன்னொருவர் இகழ்ந்து சொல்கிறார். ஆங்கிலத்தில் அவை த்ரிஃப்டி, ஸ்டிஞ்சி. மெலிந்தவரை ஸ்லிம் என்றால் பாராட்டு, தின் என்றால் வெறும் தகவல், ஸ்கின்னி என்றால் பெரும்பாலும் குறை. புகழ் நல்ல காரணத்தால் வந்தால் ஃபேமஸ், கெட்ட காரணத்தால் வந்தால் நொட்டோரியஸ். ஒரு தலைவரைப் பெருமையாக அறிமுகம் செய்யும்போது நொட்டோரியஸ் என்று சொல்லிவிட்டால் எந்த விளக்கமும் அதைச் சரிசெய்யாது. சைல்ட்லைக் என்றால் குழந்தையின் களங்கமின்மை, சைல்டிஷ் என்றால் வயதுக்குப் பொருந்தாத சிறுபிள்ளைத்தனம். இந்த வகைச் சொற்களைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், சம்பந்தப்பட்டவர் நேரில் நின்று இதைக் கேட்டால் முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பாருங்கள்.

அழுத்தம் வேறு விஷயம். டயர்ட் என்றால் களைப்பு, எக்ஸாஸ்டட் என்றால் இனி ஒரு அடி எடுத்து வைக்க முடியாத நிலை. அனாய்ட், ஆங்ரி, ஃப்யூரியஸ் மூன்றும் எரிச்சலிலிருந்து கடுங்கோபம் வரை ஏறிக்கொண்டே போகின்றன. உச்சத்தில் இருக்கும் சொற்களுக்கு முன்னால் வெரி சேர்வது இயல்பாக இருக்காது. ‘வெரி ஃப்யூரியஸ்’ என்பதைவிட ‘அப்சலூட்லி ஃப்யூரியஸ்’ பொருந்தும். எனக்குத் தோன்றுவது, நம் ஆங்கில எழுத்தில் உச்சச் சொற்கள் தேவைக்கு மேல் வருகின்றன. சின்ன எரிச்சலுக்கு ஃப்யூரியஸ் போட்டுவிட்டால், நிஜமான கோபம் வரும்போது கையில் சொல் இருக்காது.

ஆறாம் படி: சந்தர்ப்பத்துக்குத் தகுந்ததா?

ஆங்கிலத்தில் ஒரே பொருளுக்கு இத்தனை சொற்கள் சேர்ந்ததற்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது. 1066-ல் பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றினார்கள். அதன்பின் நீண்ட காலம் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு இருந்தது. வயலிலும் வீட்டிலும் பழைய ஆங்கிலமே தொடர்ந்தது. நீதிமன்ற வாதங்கள் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று சட்டம் வந்தது 1362-ல்தான். பிறகு மறுமலர்ச்சிக் காலத்தில் படித்தவர்கள் லத்தீனிலிருந்தும் சொற்களை எடுத்துக்கொண்டே இருந்தார்கள். இப்படி மூன்று அடுக்குகள் உருவாயின. ஆஸ்க் பழைய ஆங்கிலச் சொல், கொஸ்டின் பிரெஞ்சு வழி வந்தது, இன்டெராகேட் லத்தீனிலிருந்து வந்தது. முதலாவது சாதாரணமாகக் கேட்பது, இரண்டாவது கொஞ்சம் முறையாகக் கேள்வி எழுப்புவது, மூன்றாவது உட்கார வைத்து விசாரிப்பது.

அடுக்கு தெரிந்துவிட்டால் தேர்வு எளிது. பேச்சுக்கும் நண்பருக்கு எழுதும் கடிதத்துக்கும் ஸ்டார்ட், ஹெல்ப், நீட், ட்ரை போன்ற குட்டையான சொற்கள். ஒப்பந்தம், அரசாணை, சட்ட ஆவணம் என்றால் கமென்ஸ், அசிஸ்ட், ரிக்வயர், அட்டெம்ப்ட் இடம்பெறலாம். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் சாதாரண அலுவலக மின்னஞ்சலில் எதைப் போடுவது? நான் தயங்காமல் எளிய சொல்லின் பக்கம் நிற்பேன். கனமான சொல் மரியாதையைக் கூட்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். படிப்பவருக்கு அது பெரும்பாலும் தூரத்தைத்தான் கூட்டுகிறது.

நாட்டுக்கு நாடு மாறும் சொற்களும் இங்கே சேரும். கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை டேபிள் செய்வது என்றால் பிரிட்டனில் விவாதத்துக்கு எடுப்பது. அமெரிக்காவில் விவாதத்தைத் தள்ளிப்போடுவது. இரண்டு நாட்டவரும் இருக்கும் கூட்டத்துக்கு எழுதும்போது அந்தச் சொல்லைத் தொடாமல் விடுவதே நல்லது.

ஏழாம் படி: சரிபார்த்துக்கொள்வது

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு சொற்கள் மிஞ்சினால், அல்லது எடுத்த சொல்மேல் உறுதி வரவில்லை என்றால், கருவிகளிடம் போகலாம்.

ஆங்கிலம்-தமிழ் அகராதியை மூடி வைத்துவிட்டு, கற்பவர்களுக்கென்றே ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அகராதியைத் திறங்கள். லாங்மேன் நிறுவனம் 1978-ல் வெளியிட்ட அகராதி சுமார் 2000 எளிய சொற்களை மட்டும் வைத்து எல்லா விளக்கங்களையும் எழுதியது. சின்க்ளேர் தலைமையில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1987-ல் வந்த கோபில்ட் அகராதி, ஒவ்வொரு விளக்கத்தையும் முழு வாக்கியமாகவே தந்தது. மூன்றாம் படியில் தேடிய சட்டம் அந்த விளக்க வாக்கியத்துக்குள்ளேயே இருக்கும். அதனால் எடுத்துக்காட்டுகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள். எனக்கு விளக்கத்தைவிட அந்த எடுத்துக்காட்டுகள்தான் முக்கியம்.

ஒத்த பொருள் தரும் சொற்களைத் தொகுத்துத் தரும் நூலான தெசாரஸைக் கவனமாகக் கையாள வேண்டும். பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் 1852-ல் வெளியிட்டபோது அதில் சொற்களைக் கருத்துவாரியாகத் தொகுத்திருந்தார், விளக்கங்கள் எழுதவில்லை. தெரிந்த சொல் நாக்கு நுனியில் நின்று வர மறுக்கும்போது அதை ஞாபகப்படுத்துவதுதான் அதன் பயன். அதுவரை பார்த்தேயிராத சொல்லை அங்கிருந்து எடுத்து நேராக வாக்கியத்தில் வைக்காதீர்கள். முதலில் அகராதியில் பாருங்கள், அப்புறம் வையுங்கள்.

கூட்டாளிகளைச் சரிபார்க்கச் சொற்றொகுதிகள் இருக்கின்றன. உண்மையாக எழுதியும் பேசியும் வந்த ஆங்கிலத்தைத் திரட்டி வைத்த கிடங்குகள் இவை. பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸில் 10 கோடிச் சொற்கள், சமகால அமெரிக்க ஆங்கிலத் தொகுதியான கோகாவில் 100 கோடிக்கும் மேல். சொல்லைத் தட்டினால் அது வந்த வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். இடமும் வலமும் என்ன சொல் நிற்கிறது என்று இரண்டு பக்கம் படித்தாலே பழக்கம் புரிந்துவிடும். கூகுளின் என்கிராம் வியூவர் அச்சிட்ட புத்தகங்களில் இரண்டு தொடர்களில் எது அதிகம் வருகிறது என்று வரைபடமாகக் காட்டும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்பதானால் ‘இது சரியா’ என்று மட்டும் கேட்காதீர்கள். முழு வாக்கியத்தைக் கொடுத்து, இரண்டு சொல்லையும் மாற்றிப் போட்டால் பொருள் எப்படி மாறுகிறது என்று கேளுங்கள். வந்த பதிலை அகராதியில் ஒரு முறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே தேடலை நிறுத்துவது

சில ஜோடிகளில் பெரும்பாலான இடங்களில் வித்தியாசமே இல்லை. பிகின், ஸ்டார்ட் அப்படிப்பட்டவை. இன்ஜினுக்கும் புதிய தொழிலுக்கும் ஸ்டார்ட் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் மீதி இடங்களில் எதையும் போடலாம். ஆல்மோஸ்ட், நியர்லி இரண்டும் அப்படித்தான், ஆனால் நெவர், நோபடி போன்ற எதிர்மறைச் சொற்களுக்கு முன்னால் ஆல்மோஸ்ட் மட்டும் வரும். இப்படி ஒரே ஒரு விலக்கு இருக்கும் ஜோடிகளை அந்த விலக்கோடு தெரிந்துகொண்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

அறிக்கை, ஆய்வுக்கட்டுரை, பயன்பாட்டுக் கையேடு எழுதுபவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறதே என்று அலுத்து, அழகுக்காக வேறு சொல்லை மாற்றிப் போடாதீர்கள். முதல் பத்தியில் எர்ரர் என்று சொன்னதை மூன்றாம் பத்தியில் ஃபால்ட் என்றால், படிப்பவர் இரண்டும் வேறு வேறு விஷயம் என்று எண்ணித் தேட ஆரம்பிப்பார். அறிவியலில் இது இன்னும் கண்டிப்பு. பேச்சில் ஸ்பீட், வெலாசிட்டி இரண்டும் வேகம்தான். இயற்பியலில் திசையும் சேர்ந்தால்தான் வெலாசிட்டி. அக்யூரசி என்றால் உண்மையான மதிப்புக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது; பிரிசிஷன் என்றால் திரும்பத் திரும்ப அளந்தால் அளவுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கி வருகின்றன என்பது.

ஒரு வாக்கியத்தை முழுதாகச் செய்து பார்ப்போம்

‘உங்கள் விண்ணப்பத்தில் ஒரு தவறு இருக்கிறது. அதைச் சரிசெய்து வெள்ளிக்கிழமைக்குள் மறுபடியும் அனுப்புங்கள்.’ இது ஓர் அலுவலகக் கடிதத்துக்கு வேண்டும்.

‘தவறு’ என்பதற்கு மிஸ்டேக், எர்ரர், ஃபால்ட், டிஃபெக்ட் நான்கும் வருகின்றன. டிஃபெக்ட் தயாரித்த பொருளில் இருக்கும் குறை, இங்கே ஒத்துவராது. ஃபால்ட் என்றால் இயந்திரக் கோளாறு, அல்லது யார் மேல் பிழை என்ற பேச்சு, அதுவும் விலகிவிடுகிறது. மிஸ்டேக், எர்ரர் இரண்டும் மிஞ்சுகின்றன. மிஸ்டேக் என்றால் ‘நீங்கள் செய்த தவறு’ என்று விரல் கொஞ்சம் நீளும். எர்ரர் ஆளை விட்டுத் தாளைப் பார்க்கிறது, கடிதத்தின் தோரணைக்கும் பொருந்துகிறது. எர்ரரை எடுத்துக்கொள்வோம்.

‘சரிசெய்’ என்பதற்கு ரிப்பேர், ஃபிக்ஸ், ரெக்டிஃபை, கரெக்ட். ரிப்பேர் உடைந்த பொருளுக்கு. ஃபிக்ஸ் பேச்சு வழக்கு. ரெக்டிஃபை இங்கே தேவைக்கு மேல் கனம். எர்ரரோடு பழகிய கூட்டாளி கரெக்ட்தான். ‘அனுப்பு’ என்பதற்கு செண்ட் தவறில்லை, ஆனால் விண்ணப்பத்தோடு சப்மிட் சேர்ந்து வருவதே வழக்கம். ‘க்குள்’ என்பதற்கு பை.

‘தேர் இஸ் ஆன் எர்ரர் இன் யுவர் அப்ளிகேஷன். ப்ளீஸ் கரெக்ட் இட் அண்ட் சப்மிட் இட் அகெய்ன் பை ஃப்ரைடே.’

இதையே ஒரு நண்பரின் விண்ணப்பத்தைப் பார்த்துக் கொடுத்துவிட்டு அவருக்குக் குறுஞ்செய்தியாக எழுதினால் எர்ரர் மிஸ்டேக் ஆகும், கரெக்ட் ஃபிக்ஸ் ஆகும், சப்மிட் செண்ட் ஆகும். பை மட்டும் எங்கேயும் மாறாது.